ஓர் ஓடுபாதை, இரு விமானங்கள்... நடுவே 80 விநாடி!

2024 ஜூன் 8, சனிக்கிழமை. மும்பை விமான நிலையத்தின் 27-ம் எண் ஓடுபாதையில் திருவனந்தபுரம் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைத் தூக்கி எழும்பும் தறுவாய். அதே ஓடுபாதையில், அதன் முதுகுக்குப் பின்னால், இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் சக்கரத்தைத் தரையில் பதித்தது. சில விநாடிகளே ஓடும் அந்தக் காணொளி நாடு முழுக்கப் பரவியது. பார்த்தவர்களுக்கெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

விளக்கம் கேட்டபோது இரண்டு நிறுவனங்களும் ஒரே பதிலைத்தான் சொல்லின. 'கோபுரம் இறங்கச் சொன்னது, இறங்கினோம்' என்றது இண்டிகோ. 'கோபுரம் கிளம்பச் சொன்னது, கிளம்பினோம்' என்றது ஏர் இந்தியா. இரண்டு தரப்பின் கையிலும் அனுமதி இருந்தது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. விசாரணைக்கு உத்தரவிட்டது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியிலிருந்தவர் பணிப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். யாருக்கும் காயமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்டு நாமும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

அன்று எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். 'ஒரே ஓடுபாதையில் ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் இருக்கலாமா?' சட்டென்று 'கூடவே கூடாது' என்று சொல்லத் தோன்றும். விதிப்புத்தகத்தைத் திறந்தால், 'சில வேளைகளில் இருக்கலாம்' என்கிறது.

புத்தகம் என்ன சொல்கிறது?

ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வெளியிட்டிருக்கும் 'டாக் 4444' என்ற நடைமுறை நூல்தான் உலகெங்கும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களுக்கு அடிப்படை. ஓடுபாதை இடைவெளி பற்றிய அதன் மூல விதி எளிமையானது. இறங்க வரும் விமானம் ஓடுபாதையின் தொடக்கக் கோட்டைத் தாண்டுவதற்குள், அதற்கு முன் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு முழுசாக விலகியிருக்க வேண்டும். முன்னால் இருப்பது புறப்படும் விமானம் என்றால், அது ஓடுபாதையின் மறுமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். அல்லது வானில் ஏறித் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

தொடக்கக் கோடு என்பது ஓடுபாதையின் வாயிலில் பியானோ கட்டைகள்போல் வரிவரியாய் வெள்ளை பூசியிருக்குமே, அந்த இடம். விமானத்துறையினர் 'த்ரெஷோல்ட்' என்பார்கள். இறங்கும் விமானம் அதற்கு மேலே சுமார் 50 அடி உயரத்தில் பறந்து கடக்கும். விதியில் இடைவெளி அளக்கப்படுவது அந்தக் கணத்தில்தான். கோபுரம் 'இறங்கலாம்' என்று சொல்லும் கணம் வேறு. அது பல கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். அதாவது, 'இந்த விமானம் கோட்டைத் தொடும்போது பாதை காலியாக இருக்கும்' என்று நியாயமான நம்பிக்கை இருந்தால் போதும், கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்துவிடலாம். பாதை அந்த நிமிடம் காலியாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒருவகையில் அவர் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்கிறார். கணிப்பு தவறினால் அனுமதியை ரத்து செய்ய வேண்டியதும் அவர்தான்.

இந்தக் கணிப்புக்கு ஐ.சி.ஏ.ஓ. ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. முன்னால் இறங்கும் விமானம் தொடக்கக் கோட்டைத் தாண்டாத வரை, பின்னால் வருவதற்கு இறங்கும் அனுமதி கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் அதுவும் இல்லை. அங்கே வரிசையில் இரண்டாவது, மூன்றாவதாக வரும் விமானத்துக்குக்கூட 'கிளியர்ட் டு லேண்ட்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ரேடியோவில் பேச்சு குறையும், வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் வாதம். கொடுத்த அனுமதியை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருவோம்.

2,400 மீட்டர் சலுகை

மூல விதியை அப்படியே கடைப்பிடித்தால் நெரிசல் மிகுந்த விமான நிலையங்கள் திணறிப்போகும். ஆகவே அதே நூலில் ஒரு தளர்வும் உண்டு: 'குறைக்கப்பட்ட ஓடுபாதை இடைவெளி'. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு நடத்தி, அந்த நாட்டு அதிகார அமைப்பு ஒப்புதல் கொடுத்தால்தான் இது செல்லும்.

தளர்வு இதுதான். ஜெட் விமானங்களைப் பொறுத்தவரை, முன்னால் இறங்கிய விமானம் தொடக்கக் கோட்டிலிருந்து குறைந்தது 2,400 மீட்டர் தாண்டியிருந்தால், ஓட்டத்தில் இருந்தால், பின்னோக்கித் திரும்பி வராமல் நேரே பாதையை விட்டு வெளியேறப் போகிறது என்றால், அடுத்தது கோட்டைக் கடக்கலாம். முன்னது புறப்படும் விமானம் என்றால், அது தரையை விட்டு எழும்பியிருக்கவும் வேண்டும், 2,400 மீட்டரைத் தாண்டியிருக்கவும் வேண்டும். சிறிய விமானங்களுக்கு இந்தத் தூரம் குறையும். 2,000 கிலோவுக்கு மேற்படாத ஒற்றை எஞ்சின் விசிறி விமானங்களுக்கு 600 மீட்டரே போதும்.

சலுகைக்கு நிபந்தனைகள் கறார். பகல் வெளிச்சம் வேண்டும்: சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகம் 300 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. முதுகுக் காற்று 5 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஓடுபாதை ஈரத்தால் வழுக்கி பிரேக் பிடிப்பு குறைந்திருக்கக் கூடாது. மும்பை மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டில் எத்தனை நாள் இந்தச் சலுகை கைகொடுக்கும்?

இப்போது ஜூன் 8 காணொளிக்கு மீண்டும் வருவோம். இண்டிகோ சக்கரம் பதித்தபோது ஏர் இந்தியா எழும்பும் தறுவாயில்தான் இருந்தது. தொடக்கக் கோட்டைத் தாண்டிய விமானம் தரையைத் தொடச் சில விநாடிகள் ஆகும். ஆக, இண்டிகோ அந்தக் கோட்டைக் கடந்த நேரத்தில் முன்னால் இருந்த விமானம் நிச்சயம் தரையில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மிகத் தளர்வான விதியை எடுத்துக்கொண்டாலும் 'எழும்பியிருக்க வேண்டும்' என்ற வரி இடிக்கிறது. பார்ப்பதற்குப் பயமாக இருந்தது என்பதற்காக மட்டும் அதைக் கோளாறு என்று சொல்லவில்லை. காணொளி காட்டுவதை வைத்துப் பார்த்தால் புத்தகக் கணக்கிலும் அது இடிக்கத்தான் செய்கிறது.

164 விநாடிக்குள் மூன்று விமானம்

கட்டுப்பாட்டாளர் ஏன் அவ்வளவு நெருக்கிப் பிடித்தார்? அதைப் புரிந்துகொள்ள மும்பையின் வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். பெயருக்கு இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் வேலை நடந்தால் மற்றது சும்மா கிடக்க வேண்டியதுதான். (நம் மீனம்பாக்கத்திலும் இரண்டு ஓடுபாதைகளும் குறுக்கே வெட்டிக்கொள்பவைதான்.) அதனால் மும்பை நடைமுறையில் ஒற்றை ஓடுபாதை விமான நிலையம். அப்படி இருந்தும் 2023 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1,032 விமானங்களை ஏற்றி இறக்கிச் சாதனை படைத்தது. அன்றைக்கு எல்லோரும் கைதட்டினோம்.

நெரிசல் நேரங்களில் மணிக்கு 46 விமானங்கள் என்பது மும்பையின் கணக்காக இருந்தது. இறங்க இடமில்லாமல் விமானங்கள் வானில் வட்டமடித்து எரிபொருளைக் கரைத்ததால், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தலையிட்டு அதை 44 ஆகக் குறைத்தது. 46 என்றால் 78 விநாடிக்கு ஒன்று. 44 என்றால் 82 விநாடிக்கு ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு விமானங்களைக் குறைத்தும், ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கிடைத்தது நான்கே விநாடி!

இந்த 82 விநாடிகளைக் கோபுரத்தின் கண்ணாடி வழியே பார்ப்போம். ஒரு விமானம் இறங்கும், ஒன்று கிளம்பும், மறுபடி ஒன்று இறங்கும். இறங்கும் இரண்டுக்கும் நடுவே 164 விநாடி. இறங்க வரும் ஏர்பஸ் ஏ320 மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஆகவே இரண்டுக்கும் இடையே வானில் 11 கிலோமீட்டர் சொச்சம் இடைவெளி. கேட்கும்போது தாராளமாகத்தான் தெரிகிறது. கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித் தெரியாது.

முதல் விமானம் தொடக்கக் கோட்டைக் கடந்ததும் கடிகாரத்தை ஓடவிடுங்கள். அது தரையைத் தொட்டு, பிரேக் பிடித்து, சாய்வாகப் பிரியும் வெளியேறு பாதை வழியே ஓடுபாதையை விட்டு அகலச் சுமார் 55 விநாடி. அதற்குள் கிளம்பவேண்டிய விமானத்துக்கு 'லைன் அப் அண்ட் வெயிட்' சொல்லி, அதை ஓடுபாதைக்குள் கொண்டுவந்து நேராக நிறுத்தியிருக்க வேண்டும். முன்னது விலகியதும் 'கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்'. விமானி அதைத் திருப்பிச் சொல்லி, எஞ்சின் விசையைக் கூட்டி, விமானம் உருளத் தொடங்கும்போது கடிகாரம் 70-ஐக் காட்டும். தரையை விட்டு எழும்ப இன்னொரு 35 விநாடி. சுமார் 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபாதையின் மறுமுனையைத் தாண்டும்போது 125. பின்னால் வரும் விமானம் கோட்டைக் கடப்பது 164-ல். மிச்சம் சுமார் 40 விநாடி. எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் அந்த நாற்பதும்.

இறங்கிய விமானம் முதல் வெளியேறு பாதையைத் தவறவிட்டு அடுத்ததுக்கு உருண்டு போனால் அதில் பதினைந்து, இருபது விநாடி காலி. கிளம்பும் விமானத்தின் விமானி அறையில் கடைசிச் சரிபார்ப்பு முடியவில்லை என்றால் இன்னொரு பதினைந்து. இரண்டும் சேர்ந்து நடந்தால் பின்னால் வருபவருக்கு ஒரே வழிதான்: இறங்காமல் மேலே ஏறிவிட வேண்டும். அந்த முடிவை எடுக்கக் கிடைப்பதும் சில விநாடிகள்தான். மும்பையில் இது நாளெல்லாம் திரும்பத் திரும்ப நடக்கும் கணக்கு. லண்டன் கேட்விக் இதைவிடத் துணிச்சல்காரர். ஒரே ஓடுபாதையில் மணிக்கு 55 வரை கையாண்டு காட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத சுழல்

ஓடுபாதை காலியாக இருந்தாலும் போதாது; காற்றும் காலியாக இருக்க வேண்டும். பறக்கும் ஒவ்வொரு விமானமும் இறக்கை நுனிகளிலிருந்து இரண்டு சுழற்காற்றுகளைப் பின்னால் விட்டுக்கொண்டே போகிறது. கனம் கூடக்கூடச் சுழலின் மூர்க்கமும் கூடும். 1972 மே 30 அன்று டெக்ஸாஸில் ஒரு பயிற்சி விமானம், டிசி-9, பெரிய டிசி-10 விமானத்தை நெருங்கிப் பின்தொடர்ந்து இறங்கியபோது அந்தச் சுழலில் மாட்டிக் கவிழ்ந்தது. நால்வர் இறந்தார்கள். விமானத்தின் எடையைப் பார்த்து இடைவெளி விடும் விதிகளுக்கு அழுத்தம் வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கு 1,36,000 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவை 'ஹெவி'. அவற்றின் பின்னால் ஏ320 போன்ற நடுத்தர விமானம் வந்தால் 5 நாட்டிக்கல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், விட்டு வரவேண்டும். ஏ380 என்ற பூதத்தின் பின்னால் என்றால் 7. சுழல் பிரச்னை இல்லாத ஜோடிகளுக்கு ரேடார் இடைவெளி 3 நாட்டிக்கல் மைல்; விமானங்கள் சராசரியாக 50 விநாடிக்குள் ஓடுபாதையை விட்டு வெளியேறுகின்றன என்று நிரூபித்துக் காட்டும் நிலையங்களில் இரண்டரை.

லண்டன் ஹீத்ரோ இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. எதிர்க்காற்று பலமாக வீசும் நாளில் விமானம் தரையைப் பொறுத்தவரை மெதுவாக நகரும், அதே தூரத்தைக் கடக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், வரிசை நீளும். அதனால் 2015 முதல் இடைவெளியைத் தூரத்தில் அளக்காமல் நேரத்தில் அளக்கத் தொடங்கினார்கள். காற்றடிக்கும் நாட்களின் தாமதம் கணிசமாகக் குறைந்தது.

லாஸ் ஏஞ்சலீஸும் ஹனேடாவும்

ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் அந்தக் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் கோத்து ஒரு டோக்கனை நீட்டுவார். ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டால்தான் டிரைவர் அடுத்த நிலையம் வரை போகலாம். ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் இயந்திரத்திலிருந்து வெளியே வரும். அது ஒருவர் கையில் இருக்கும்வரை இன்னொருவருக்குக் கிடைக்காது. ஓடுபாதைக்கு அப்படிக் கைப்பொருள் ஏதும் இல்லை. வாய்ச்சொல்தான் டோக்கன், அதைப் பத்திரப்படுத்தும் பெட்டி ஒரு மனிதரின் ஞாபகம். இந்தத் துறையின் பெரிய விபத்துகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலீஸ், மாலை ஆறு மணி தாண்டிய இருட்டு. ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சிறிய மெட்ரோலைனர் விமானம் ஒன்றை, ஓடுபாதையின் நடுவில் வந்து சேரும் ஒரு குறுக்குப் பாதை வழியே உள்ளே வந்து காத்திருக்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். அதற்குள் வேறொரு சிறு விமானம் பற்றிய குழப்பம் அவரை இழுத்துக்கொண்டது. காத்திருப்பவரை மறந்துபோனார். அதே ஓடுபாதையில் இறங்க யூ.எஸ்.ஏர் நிறுவனத்தின் போயிங் 737-க்கு அனுமதி கொடுத்தார். இறங்கி வந்த விமானியின் கண்ணுக்கு, மெட்ரோலைனரின் விளக்குகள் ஓடுபாதை நடுக்கோட்டு விளக்குகளோடு கலந்து ஒன்றாகிப்போயின. தரையில் நடமாட்டத்தைக் காட்டும் ரேடாரும் அன்று வேலை செய்யவில்லை. 35 பேர் இறந்தனர்.

33 ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 2. டோக்கியோ ஹனேடா, மாலை 5.47 மணி. அதே இருட்டு. முதல் நாள் நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு நீகாட்டா கிளம்பிய கடலோரக் காவல்படையின் டேஷ்-8 விமானம், சி5 என்ற குறுக்குப் பாதையின் நிறுத்தக் கோட்டுக்கு வரச் சொல்லப்பட்டது. 'நம்பர் ஒன்' என்றும் கோபுரம் சேர்த்துச் சொன்னது. புறப்பாட்டு வரிசையில் முதல் இடம் என்று பொருள். விமானி அதைத் திருப்பிச் சரியாகவே சொன்னார். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உள்ளே போய் நின்றார். சுமார் 40 விநாடி அங்கேயே நின்றார். சப்போரோவிலிருந்து 379 பேருடன் வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, முறையான அனுமதியோடு இறங்கி அதன் மீது மோதித் தீப்பிடித்தது.

காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பெரிய விமானத்தின் எட்டு அவசர வழிகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்தது. பணிப்பெண்கள் மெகாஃபோனைப் பிடித்துக் கத்தினார்கள். பைகளை எடுக்காமல் எல்லோரும் சறுக்குப் பாதையில் இறங்கி, 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உலகம் அதைக் கொண்டாடியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் 40 விநாடிக் கதை பின்னுக்குப் போய்விட்டது.

ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கிறது, இன்னொன்று இறங்க வருகிறது என்ற எச்சரிக்கை கோபுரத்தின் திரையில் வந்திருக்கிறது. நிறம் மாறிய அந்தத் திரையை யாரும் கவனிக்கவில்லை. குறுக்குப் பாதையில் சிவப்பாக எரிந்து 'நில்' என்று சொல்லும் 'ஸ்டாப் பார்' விளக்குகள் பராமரிப்புக்காக அணைந்து கிடந்தன. பராமரிப்பு நடக்காமல் இருந்திருந்தாலும் அன்று எரிந்திருக்காது. பார்வைத்தூரம் குறைந்த நாளில் மட்டுமே அவற்றை எரியவிடுவது வழக்கம். ஜப்பான் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில் கொடுத்த இடைக்கால அறிக்கை மூன்று விஷயங்களை அடுக்கியது: காவல்படை விமானிகள் அனுமதி கிடைத்ததாக நம்பினார்கள், கோபுரம் பார்க்கவில்லை, இறங்கிய விமானிகளும் பார்க்கவில்லை.

இருட்டு, குறுக்குப் பாதை, நடுக்கோட்டில் நிற்கும் சின்ன விமானம், பின்னாலிருந்து வரும் பெரிய ஜெட், விளக்குகளின் கலப்பு, துணைக்கு இருக்கவேண்டிய கருவி துணைக்கு வராதது. 1991-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர்கள்தான் வேறு. மனிதர் மறப்பார், தவறாகக் கேட்பார் என்பது தெரிந்தும், அந்த மறதிக்கு ஒரு பூட்டுப் போடாமல் முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறோம். ஹனேடா விபத்துக்குப் பிறகு, அந்தத் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். 'நம்பர் ஒன்' என்று சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள்.

மூடுபனியில் ஒரு நிழல்

விபத்தாகாமல் தப்பிய கதையும் ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி 4, டெக்ஸாஸின் ஆஸ்டின். எதிரே நிற்பது தெரியாத மூடுபனி. இறங்க வந்த ஃபெட்எக்ஸ் சரக்கு விமானத்துக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது. அது மூன்று மைல் தொலைவில் இருக்கும்போது, அதே ஓடுபாதையில் கிளம்ப சவுத்வெஸ்ட் விமானத்துக்கும் அனுமதி கொடுத்தார் கட்டுப்பாட்டாளர். சவுத்வெஸ்ட் சட்டென்று ஓடிவிடும் என்பது அவர் கணிப்பு. அதுவோ உள்ளே வந்து நின்று, எஞ்சினை முடுக்கிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. மூடுபனியில் கோபுரத்துக்கு எதுவும் தெரியவில்லை. தரை நடமாட்டத்தைக் காட்டும் கருவி ஆஸ்டினில் இல்லவே இல்லை.

சந்தேகம் தட்டிய ஃபெட்எக்ஸ் விமானி, 'நாங்கள் இறங்கலாம்தானே?' என்று மறுபடி கேட்டுக்கொண்டார். 'இறங்கலாம், முன்னால் ஒரு 737 கிளம்புகிறது' என்று பதில் வந்தது. தரையை நெருங்கியபோது கீழே பனிக்குள் ஒரு நிழலுருவம் தெரிந்தது. அவர்கள் மேலே ஏறினார்கள்; ஏறியபடியே, 'சவுத்வெஸ்ட், நிறுத்து' என்று ரேடியோவில் கத்தினார்கள். இரண்டுக்கும் இடையே இருந்தது 200 அடிக்கும் குறைவு. இரண்டிலும் சேர்த்து 131 உயிர்கள். காப்பாற்றியது ஒரு விமானியின் கண்.

நம் ஊரிலும் அப்படி ஒரு கண் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில், பக்கத்து ஓடுபாதையில் இறங்கிய விஸ்தாரா விமானம் ஒன்று குறுக்கே கடக்கும் நேரம் பார்த்து, அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்துக்குக் கிளம்ப அனுமதி போனது. கடந்துகொண்டிருந்த விமானத்தின் பெண் கேப்டன் அதைக் கவனித்துக் கோபுரத்துக்குச் சொல்ல, புறப்பாடு நிறுத்தப்பட்டது.

இறங்காமல் ஏறுவது

இவ்வளவுக்கும் நடுவே பாதுகாப்பு வளையமாக இருப்பது 'கோ-அரவுண்ட்'. பாதை காலியாக இல்லை, காற்று சரியில்லை, கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எஞ்சினை முழு விசைக்குத் தள்ளி மேலே ஏறிவிடுவது. கோபுரம் சொன்னாலும் செய்யலாம். விமானி தானாகவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உலக அளவில் ஆயிரம் தரையிறக்க முயற்சிகளில் ஒன்று முதல் மூன்று வரை இப்படி முடிகின்றன. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று சென்னையில் தள்ளாடியபடி இறங்க முயன்று மேலேறிய இண்டிகோ விமானத்தின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பலர் 'ஆபத்து' என்று பகிர்ந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த விமானி தன் வேலையைச் செய்தார்.

உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு கோ-அரவுண்ட் சுகமான அனுபவம் இல்லை. இதோ இறங்கிவிட்டோம் என்று செருப்பை மாட்டும் நேரத்தில் விமானம் உறுமிக்கொண்டு ஏறும், காது அடைக்கும், அறிவிப்பு வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், ஏனென்றால் விமானிகள் முதலில் விமானத்தை ஓட்டுவார்கள், பிறகுதான் பேசுவார்கள். அப்போது பதறி எழுந்து நிற்க வேண்டாம். இறங்கியபின் பணியாளர்களிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம்.

யாரைப் பணிநீக்கம் செய்யலாம்?

ஒவ்வொரு முறையும் நாம் முதலில் தேடுவது ஓர் ஆளை. மும்பையில் ஒருவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். விசாரணை முடியும்வரை அது வழக்கமான நடைமுறைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவருக்கும் அதே 82 விநாடிதான். நாட்டில் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறை கடுமையாக இருப்பதையும் அவர்களின் சோர்வையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. ஆளும் குறைவு, விநாடியும் குறைவு என்றால், மறதி எந்த நாளில் வந்து நிற்கும் என்பதுதான் பாக்கி.

செய்யக்கூடியவை பெரிய ரகசியம் இல்லை. ஓடுபாதை வாயில்களில் ஸ்டாப் பார் விளக்குகள் பனி நாளில் மட்டுமின்றி இரவும் பகலும் எரியலாம். கோபுரம் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் உள்ளே நுழையலாம் என்று வைக்கலாம். பாதையில் ஆள் இருந்தால் தானாகவே சிவப்பு எரிந்து விமானியின் கண்ணுக்கே நேராகச் சொல்லும் விளக்கு அமைப்பு அமெரிக்காவில் 20 விமான நிலையங்களில் இருக்கிறது. கோபுரத்தின் நினைவையும் ரேடியோவின் தெளிவையும் நம்பாமல் வேலை செய்வதால் அதை நம் பெரிய நிலையங்களுக்கும் கொண்டுவர வேண்டும். திரையில் நிறம் மாறினால் போதாது, காதில் மணி அடிக்க வேண்டும் என்பதை ஹனேடா சொல்லிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது ஒன்று இருக்கிறது: காலியாகக் கிடக்கும் நேரம். 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை புதிய விமான நிலையத்தில் விமானங்கள் இயங்கத் தொடங்கியிருக்கின்றன. பழைய மும்பையிலிருந்து சில சேவைகள் அங்கே போகும்போது பழைய ஓடுபாதையில் இடம் காலியாகும். அந்த இடத்தை உடனே இன்னொரு நிறுவனத்துக்குக் கூவி விற்றுவிட்டு, மறுபடி ஒரு சாதனை எண்ணிக்கைக்குக் கைதட்ட வேண்டாம். டி.ஜி.சி.ஏ.வும் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் மணிக்கு 44 என்பதை 40-க்குக் கொண்டுவந்தாலே, ஒவ்வொரு விமானத்துக்கும் 8 விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.